ஸ்டாக் புத்தகத்தில் ஏறிய ஆடு

நீங்கள் 'கற்பித்தல் துணைக்கருவிகள்' என்று நாகரிகமாகச் சொல்வதை அந்தக் காலத்தில் நாங்கள் 'சாமான்' என்றுதான் சொல்வோம். சாமான் வரும். பீரோவுக்குள் போகும். வருஷத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் வந்து எண்ணுவார். அதை எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

போன வாரம் புது ஆசிரியர்களாகிய உங்களில் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறதாம். "எங்க பள்ளிக்கூடத்துல ஒண்ணுமே இல்ல டீச்சர், எதை வெச்சு நடத்தறது?" என்று குறைபட்டுக்கொண்டாள். "பீரோவைத் திறந்து பார்த்தியா?" என்று கேட்டேன். "சாவி ஹெச்.எம். கிட்ட இருக்குதுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது. அவளைப் பார்த்து நான் சிரிக்கவில்லை என்பதைச் சொல்லவாவது இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

ஐம்பதுகளின் நடுவில் சேலத்தில் டிரெயினிங் முடித்த கையோடு எனக்கு ஓசூர்ப் பக்கம் வேலை கிடைத்தது. அப்போது இந்தப் பகுதி முழுக்கச் சேலம் ஜில்லாதான். ஓசூர் என்றதும் எங்கள் வீட்டில் காடு என்றார்கள். யாரோ சானமாவுக் காட்டில் யானை இருக்கிறது என்று சொல்லிவிட, என் அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதார். முப்பத்தேழு வருஷ சர்வீசில் ஒரு யானையும் என் வகுப்புப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. என்னைச் சந்தி சிரிக்க வைத்தது ஓர் ஆடு.

உத்தனப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் நடந்தால் அந்த ஊர். பெயர் வேண்டாம். இன்று அந்தச் சாலையில் கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஷிப்ட் பறக்கின்றன. அன்று ராகி மூட்டை ஏற்றிய வண்டிகள் போகும். பள்ளிக்கூடம் என்பது ஒரே ஒரு நீளமான கூடம். அதில் ஐந்து வகுப்புகள், இரண்டு வாத்தியார்கள். ஒன்று நான். இன்னொருவர் தலைமை ஆசிரியர், ஊரே அவரைப் 'பெரிய வாத்தியார்' என்று கூப்பிட்டது. நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், சிலர் கன்னடம், மிச்சம் தமிழ். விளையாடும்போது மூன்றையும் கலந்து திட்டிக்கொள்வார்கள். எனக்குத் தமிழை விட்டால் வேறு தெரியாது. முதல் மாதம் அவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்ததுதான் அதிகம்.

மூன்றாம் வகுப்பில் ரத்னம்மா என்று ஒரு பெண். அவள் அப்பா முனியப்பா ஒரு விவசாயியின் நிலத்தில் கூலி வேலை செய்தவர். வீட்டில் ஓர் ஆடு இருந்தது, அதை மேய்ப்பது ரத்னம்மாவின் பொறுப்பு. அதனால் அவள் பள்ளிக்கூடம் வராமல் இருந்தாள். நான் போய்க் கேட்டதற்கு, "ஆட்டை யாரு பாக்கறதுங்க டீச்சரம்மா?" என்றார் முனியப்பா. நியாயமான கேள்வி. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. எந்த நியாயத்துக்கும் உடனே ஒரு பதில் வைத்திருக்கும் வயது. "ஆட்டையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. பின்னாடி புங்க மரத்துல கட்டிக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து இருவரும் தவறாமல் வந்தார்கள். வருகைப் பதிவில் ஒருவர் பெயர் மட்டும்தான் இருந்தது.

பெரிய வாத்தியாருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அவர் யாரையும் கடிந்து பேசுகிறவர் இல்லை. "எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் எழுதிக் குடுக்கோணும் டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அது அவருடைய பெரிய பயம். முன்பு வேலை பார்த்த ஊரில் பள்ளிக்கூடத்து வெண்கல மணி திருட்டுப் போய்விட்டது. அதற்கு அவர் மூன்று வருஷம் விளக்கம் எழுதினாராம். அன்றிலிருந்து பீரோ சாவியை இடுப்பில் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தார்.

சுவரில் பதித்த மரப் பீரோ அது. உள்ளே ஒரு தராசு, ஒரு காந்தம், ஒரு பூதக் கண்ணாடி, கனவடிவ மரக்கட்டைகள் ஒரு பெட்டி, சுருட்டிய தேசப்படம் இரண்டு. எல்லாவற்றுக்கும் நடுவில் ராஜா மாதிரி ஒரு பூகோள உருண்டை. நான்கு வருஷத்துக்கு முன் வந்தது. சரஸ்வதி பூஜையன்று வெளியே வரும். வட துருவத்தில் ஒரு குங்குமப் பொட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும்.

இதில் எனக்கு வந்த வினை ஓர் ஆரஞ்சுப் பழத்தால் வந்தது. புத்தகத்தில் 'பூமி ஆரஞ்சுப் பழம் போல் உருண்டையானது' என்று இருந்தது. பிள்ளைகள் அதைக் கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்திச் சொல்வார்கள். ஒருநாள் ரத்னம்மா எழுந்து, "டீச்சர், ஆரஞ்சுப் பழம் எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள். நான் யோசிக்காமல், "பூமி மாதிரி உருண்டையா இருக்கும்" என்றேன். அவள் திருப்தியாக உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்தது எனக்கு அவமானமாக இருந்தது. அந்த வகுப்பில் ஒருவரும் ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்ததில்லை. பூமியையும் பார்த்ததில்லை. தெரியாத ஒன்றைத் தெரியாத இன்னொன்றோடு சேர்த்துக் கட்டி, அதற்குப் பாடம் என்று பெயர் வைத்திருந்தேன். மூன்றடி தூரத்தில் பீரோவுக்குள் பூமி பத்திரமாக இருந்தது.

பெரிய வாத்தியாரிடம் கேட்டேன். "அடுத்த மாசக் கடைசியில நான் ரிட்டையர் ஆகறேன் டீச்சர். சாமானெல்லாம் குறையில்லாம ஒப்படைச்சாத்தான் பென்ஷன் பேப்பர் நகரும். அதுக்கப்புறம் நீங்க அதை வெச்சிப் பந்து கூட ஆடுங்க" என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை ஓசூரில் ஆசிரியர் கூட்டம். பெரிய வாத்தியார் காலை பஸ்ஸுக்குப் புறப்பட்டார். சாக்குக்கட்டி தீர்ந்துபோய், புதுப் பெட்டி பீரோவில் இருந்ததால் வேறு வழியில்லாமல் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். "சாக்குக்கட்டி மட்டும்" என்றார். சரி என்றேன். அவர் தலை மறைந்ததும் உருண்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று நடந்த பாடத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷம் வருகிறது. உருண்டையை வெயிலில் வைத்துச் சுற்றினேன். வெயில் பட்ட பக்கம் பகல், படாத பக்கம் ராத்திரி. "நாம தூங்கறப்போ அவுங்க களி கிண்டுவாங்களா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். கிண்டுவார்கள் என்றேன். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு அதன் நிழல் நகர்வதைக் காட்டினேன். ஒவ்வொருவரும் வரிசையில் வந்து உருண்டையைத் தொட்டார்கள். சிலர் தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அப்போது உள்ளே ஒன்றாம் வகுப்பில் இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள். உருண்டையை வாசல் கல் மேல் வைத்துவிட்டு அவர்களைப் பிரிக்கப் போனேன். ஐந்து நிமிஷம்கூட இருக்காது.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த உருண்டை, அட்டையில் செய்து மேலே அச்சடித்த காகிதம் ஒட்டியது. நான்கு வருஷம் ஈரச் சுவரில் காற்றுப்படாமல் பூட்டிக் கிடந்ததில் காகிதத்தின் ஓரங்கள் பெயர்ந்து நின்றன. பெயர்ந்த காகிதத்துக்கு அடியில் பழைய பசை. பசை ஒட்டிய காகிதம் ஆட்டுக்கு எவ்வளவு இஷ்டம் என்று சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நான் ஓடி வந்தபோது அமெரிக்கா இரண்டும் போய்விட்டன. ஆப்பிரிக்கா ஆட்டின் வாயிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. ரத்னம்மா கயிற்றைப் பிடித்து இழுத்தாள், ஆடு வட துருவத்தைப் பிடித்து இழுத்தது. கடைசியில் பொட்டோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று என்னைப் பார்த்தது. தாங்கியில் மிஞ்சி நின்றது ஒரு வெள்ளை மொட்டை உருண்டை.

"மரத்துலதானே கட்டியிருந்த?" என்று அலறினேன்.

"நிழல் நகந்துடுச்சிங்க டீச்சர். வெயில்ல நிக்குதேன்னு இங்க கொண்டாந்து கட்டுனேன்" என்றாள் அழுதுகொண்டே. நிழல் நகரும் என்று அரை மணி நேரத்துக்கு முன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

இதுவரை நடந்தது விபத்து. இனி நான் செய்ததுதான் தவறு. உருண்டையைப் பீரோவுக்குள் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டுப் பூட்டினேன். பிள்ளைகளை உட்கார வைத்து, "இதை யாரும் பெரிய வாத்தியார்கிட்ட சொல்லக் கூடாது" என்றேன். அவர்கள் தலையாட்டினார்கள். மாலையில் பெரிய வாத்தியார் வந்து சாவியை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். "சாக்குக்கட்டி எடுத்தீங்களா?" என்று கேட்டார். எடுத்தேன் என்றேன்.

திங்கட்கிழமை ரத்னம்மா வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. புதன் காலை பிரார்த்தனை முடிந்த நேரத்தில் முனியப்பா வந்தார். கையில் கயிறு, கயிற்றில் அந்த ஆடு. நேராகப் பெரிய வாத்தியாரிடம் போனார்.

"சாமி, எங்க மேக, அதாங்க ஆடு, உங்க பூமியைத் தின்னுப்போட்டுதாம். பாப்பா மூணு நாளா சோறு துன்னலை. இன்னிக்கித்தான் வாயைத் தெறந்துச்சி. எங்ககிட்ட வேற ஒண்ணும் இல்லைங்க. ஆட்டை எடுத்துக்குங்க."

பெரிய வாத்தியாருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு பீரோவைத் திறந்தார். துணியை எடுத்தார். மொட்டை உருண்டையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நான் கூடத்தின் மறு கோடியில் நின்றுகொண்டிருந்தேன். அவர் திட்டுவாரே என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சம்பளம் வாங்குகிற நான் மூன்று நாள் மூடி மறைத்ததை, ஒன்பது வயதுப் பெண்ணால் மறைக்க முடியவில்லை. அந்த வீட்டில் இருந்த ஒரே சொத்து கயிற்றோடு வாசலில் நின்றது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் அவ்வளவு வெட்கப்பட்டது வேறு எப்போதும் இல்லை.

பெரிய வாத்தியார் முனியப்பாவிடம், "ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போப்பா. நாளைக்குப் பாப்பாவை அனுப்பு" என்றார்.

"ஆடு?"

"அதையும்தான். வழக்கமா வர்றதுதானே."

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகுதான் என்னிடம் பேசினார். குரலை உயர்த்தவில்லை. ஸ்டாக் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். "பத்து நாள்ல இன்ஸ்பெக்டர் வர்றாரு. கறையான் அரிச்சிடுச்சின்னு எழுதிடலாம். எல்லா ஊர்லயும் அப்பிடித்தான் எழுதறாங்க" என்றார்.

எத்தனையோ வருஷமாக ஒரு சாக்குக்கட்டிக்குக்கூடப் பொய்க் கணக்கு எழுதாத மனுஷர் அவர். "வேண்டாங்க ஐயா. நடந்ததை எழுதிடலாம்" என்றேன்.

"ஆடுன்னு எழுதுனா, பள்ளிக்கூடத்துக்குள்ள ஆடு எப்பிடி வந்துச்சின்னு கேப்பாரு."

"நான்தான் வரச் சொன்னேன்னு எழுதறேன்."

"உங்களுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலை டீச்சர். அந்தப் பாப்பாவையும் நிறுத்தச் சொல்லிடுவாங்க."

"பொய்னு தெரிஞ்சா உங்க பென்ஷன் போயிடுமுங்களே ஐயா."

உண்மையை எழுதினால் என் வேலைக்கும் ரத்னம்மாவின் படிப்புக்கும் ஆபத்து. பொய்யை எழுதினால் அவருடைய ஓய்வுக்கால நிம்மதிக்கு ஆபத்து. இதில் எதைத் தேர்வது என்று எனக்கு ஒன்றும் தெரிந்துவிடவில்லை. வாசலில் நின்ற முனியப்பா மட்டும் கண்ணில் நின்றார். பேனாவை வாங்கி நானே எழுதினேன்: 'பூகோள உருண்டை ஒன்று. தலைமை ஆசிரியர் இல்லாத நேரத்தில், அவர் அனுமதி இல்லாமல், உதவி ஆசிரியையாகிய நான் வெளியே எடுத்துப் பாடம் நடத்தினேன். என் கவனக்குறைவால் ஆடு தின்றுவிட்டது. ஆட்டைப் பள்ளிக்கு வர அனுமதித்ததும் நான்தான்.' கையெழுத்துப் போட்டேன். பெரிய வாத்தியார் படித்துவிட்டு, "எழுத்து அழகா இருக்குது" என்றார். அவருக்கு அதைவிட நல்ல வார்த்தை அன்று கிடைக்கவில்லை.

மறுநாள் ரத்னம்மா வந்தாள். ஒரு கையில் ஆடு, இன்னொரு கையில் கொட்டாங்குச்சியில் ராகிக் கூழ். பாவாடை மடிப்பிலிருந்து கசங்கிய காகிதத் துண்டு ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஆட்டின் வாயிலிருந்து பிடுங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். ஆஸ்திரேலியாவும் கொஞ்சம் கடலும். "இதை ஒட்டிடலாங்க டீச்சர். மத்ததை நாம எழுதிக்கலாம்" என்றாள்.

எனக்கு இந்த யோசனை வரவே இல்லை. டிரெயினிங் படித்தவளுக்கு வரவில்லை. பெயர் பெற்ற ஆசிரியர்கள் எழுதிய பாடக்குறிப்புகளையெல்லாம் நீங்கள் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளை கொட்டாங்குச்சியோடு வந்து நின்றால் படிப்பதை நிறுத்திவிட்டு அதன் பக்கம் திரும்புங்கள்.

பத்து நாள் அந்தப் பள்ளிக்கூடத்தில் பூமியை உண்டாக்கினோம். பழைய பரீட்சைத் தாள்களைக் கிழித்து ராகிக் கூழில் ஒட்டினோம். கூழில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலக்கச் சொன்னாள் ரத்னம்மா. கலந்தால் ஆடு வாய் வைக்காதாம். காய்ந்த பிறகு மேலே சுண்ணாம்பு. நூலைப் பிடித்துக் கோடு போட்டோம். தேசப்படத்தைச் சுவரில் மாட்டி, பார்த்துப் பார்த்து அடுப்புக் கரியால் வரைந்தார்கள். நிலத்துக்கு ஏரிக்கரைச் செம்மண், காட்டுக்கு அவரை இலைச் சாறு, கடலுக்குத் துணிக்குப் போடும் நீலம்.

நீலம் இரண்டு முறை தீர்ந்துபோனது. கடலைப் பார்த்தே இராத பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். "இம்மாந் தண்ணியா டீச்சர்? நம்ம ஏரிக்கு ஒரு குடம் குடுத்தா என்னவாம்?" என்று ஒருவன் கோபித்துக்கொண்டான். மழை எப்படி வருகிறது என்ற பாடம் அந்தக் கோபத்திலிருந்தே தொடங்கியது. தென் அமெரிக்கா கொஞ்சம் பெருத்துப்போனது. இலங்கையை மறந்துவிட்டு நான்காம் நாள் சேர்த்தோம். நம் ஊரை எப்படிக் குறிப்பது என்று பெரிய சண்டை. கடைசியில் ஒரு ராகியை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினாள் ரத்னம்மா.

பெரிய வாத்தியார் முதல் மூன்று நாள் எட்ட நின்று பார்த்தார். நான்காம் நாள், "ஜப்பான் இன்னும் கொஞ்சம் மேலே வரோணும்" என்றார். ஐந்தாம் நாள் அவர் வேட்டியில் நீலம்.

இன்ஸ்பெக்டர் வந்தார். மாவிலைத் தோரணம், இளநீர் எல்லாம் முறைப்படி நடந்தது. பெரிய வாத்தியாரின் நெற்றியில் வேர்வை. இன்ஸ்பெக்டர் கூடத்துக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"என்ன வாசனை இது?"

"பூமிங்க சார்" என்றது வகுப்பு முழுவதும்.

மேஜை மேல் இருந்த உருண்டையைக் குனிந்து பார்த்தார். மெல்லச் சுற்றினார். ராகியின் மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்றார்.

"எங்க ஊருங்க சார்" என்றாள் ரத்னம்மா.

"உங்க ஊர் இவ்வளவு பெரிசா? இந்த ஒரு ராகிக்கு அடியில ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் எல்லாம் மூடிப்போச்சே!"

"இதைவிடச் சின்ன தானியம் எங்ககிட்ட இல்லீங்க சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. வந்த உயிர் நிலைக்கவில்லை. அவர் விரல் ஆஸ்திரேலியாவில் போய் நின்றது. "எல்லாம் கையால எழுதினது. இது மட்டும் அச்சா இருக்கே?"

"அது ஆடு மிச்சம் வெச்சதுங்க சார்" என்றாள் ரத்னம்மா, பெருமையாக.

பெரிய வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "ஸ்டாக் புத்தகத்தைக் கொண்டாங்க" என்றார். நான் எழுதியதை நின்றபடியே இரண்டு முறை படித்தார். ஜன்னல் வழியாகப் புங்க மரத்தைப் பார்த்தார். அங்கே ஆடு அமைதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது. ரத்னம்மாவின் கையை நான் பிடித்துக்கொண்டேன். அவளுக்குத் தைரியம் சொல்ல என்று நினைத்திருப்பீர்கள். எனக்குப் பிடிமானம் வேண்டியிருந்தது.

"மத்த சாமானை எடுங்க" என்றார்.

பெரிய வாத்தியார் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தராசு புத்தம் புதிதாக மின்னியது. காந்தம் வந்த காகிதத்திலேயே சுற்றியிருந்தது. மரக்கட்டைப் பெட்டியின் நூல்முடிச்சுகூட அவிழ்க்கப்படவில்லை.

"நாலு வருஷமா இதுல ஒரு கீறல்கூட இல்லையே?"

"பத்திரமா வெச்சிருக்கேனுங்க" என்றார் பெரிய வாத்தியார். குரலில் அத்தனை நாள் பயத்துக்கும் கூலி கிடைத்த நிம்மதி.

"ஆடு தின்னதுக்கு இந்தப் புத்தகத்துல விளக்கம் இருக்கு. இதுக்கு விளக்கம் எங்கே?"

பெரிய வாத்தியாரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நீங்கள் இங்கே கைதட்டுவீர்கள் என்று தெரியும். அன்று எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. அந்த இன்ஸ்பெக்டர் மேல் கோபம்தான் வந்தது. பூட்டி வைக்கப் பழக்கியதும் இதே இலாகாதான். ஒரு வெண்கல மணிக்கு மூன்று வருஷம் விளக்கம் வாங்கினால் மனுஷன் காந்தத்தைப் பூட்டாமல் என்ன செய்வான்? இதை நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். இருபத்தொரு வயது என்று முன்பே சொன்னேன் அல்லவா.

இன்ஸ்பெக்டர் என்னை ஒரு முறை, பெரிய வாத்தியாரை ஒரு முறை பார்த்தார். பிறகு உட்கார்ந்து, நான் எழுதியதற்குக் கீழே சிவப்பு மையில் எழுதினார்: 'பூகோள உருண்டை ஒன்று. சரியாக இருக்கிறது.' பெரிய வாத்தியாரிடம் தணிந்த குரலில், "உங்க பேப்பருக்கு ஒரு குறையும் வராது. மீதி நாள்ல இதையெல்லாம் பிள்ளைங்க கையில குடுத்துக் கொஞ்சம் தேய்ச்சிட்டுப் போங்க" என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது என் பக்கம் திரும்பி, "ஆட்டை மட்டும் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லுங்கம்மா" என்றார். அவ்வளவுதான். என் வேலை அடுத்த வருஷம் நிரந்தரமானது. ரத்னம்மா ஐந்தாம் வகுப்பு முடித்தாள். ஆட்டுக்குப் பிள்ளைகள் பூகோளம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மீதி இருந்த ஆறு வாரமும் பெரிய வாத்தியார் ஆளே வேறு. தராசைத் தானே எடுத்துப்போய்க் களிமண் உருண்டைகளை நிறுக்க வைத்தார். காந்தத்தைக் கயிற்றில் கட்டி மணலில் இழுத்துக்கொண்டு பிள்ளைகளோடு ஊரைச் சுற்றினார். பூதக் கண்ணாடியில் ஓர் எறும்பைப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் அதைப் பற்றியே பேசினார். இத்தனை வருஷம் இதெல்லாம் தன் இடுப்புச் சாவிக்கு அந்தப் பக்கம் இருந்ததை நினைத்து அவர் வருத்தப்பட்டிருக்கலாம். என்னிடம் சொன்னதில்லை.

கடைசி நாள். பொறுப்பை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் ஸ்டாக் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார், நான் சாமானைப் பார்த்து டிக் போட வேண்டும்.

"தராசு ஒன்று. கயிறு அறுந்து மாற்றப்பட்டது. உபயோகத்தில்."

டிக் போட்டேன்.

"காந்தம் ஒன்று. முனை உடைந்தது. உபயோகத்தில்."

டிக்.

"மரக்கட்டைகள் ஒரு பெட்டி. இரண்டில் பல் பதிந்துள்ளது. ஒன்றாம் வகுப்பு. உபயோகத்தில்." ஒவ்வொரு முறையும் 'உபயோகத்தில்' என்பதை அழுத்தி, ரசித்து வாசித்தார். அடுத்த வரிக்கு வந்ததும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பீரோ சாவி ஒன்று. காணவில்லை."

நான் நிமிர்ந்து பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம்கூட அது அவர் இடுப்பில் தொங்கியதை நான் பார்த்திருந்தேன்.

"நல்லா தேடுனீங்களாங்க ஐயா?"

"நான் தேடலை. நீங்களும் தேடாதீங்க" என்றார்.

டிக் போட்டேன்.